பத்து வெள்ளி சவர சோப்பு: நுரை நிற்க மாட்டேன் என்கிறது

தென்னமரத்தான் (பத்தாங் பெர்ஜுந்தாய்)
ஞாயிறு, காலை 8.10

எல்லாருக்கும் வணக்கம். சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது.

எனக்குத் தாடி முடி சுருட்டை. இருபது வருடமாக மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று மாற்றி மாற்றி கார்ட்ரிட்ஜ் ரேசர்தான். கழுத்தில் சிவப்பு சிவப்பாகக் கொப்புளம் கிளம்பும், சட்டைக் காலர் பட்டால் எரியும். மகன் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து மாதிரி இரண்டு பக்கமும் கூர் உள்ள ஒற்றை பிளேடு போடும் இரும்பு ரேசர் ஒன்றும், செயற்கை முடி பிரஷ் ஒன்றும் இணையத்தில் வாங்கிக் கொடுத்தான். சோப்பு மட்டும் நான் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போனபோது வாங்கியது. குச்சி சோப்பு. பத்து வெள்ளி நோட்டைக் கொடுத்தேன், மீதியும் கொடுத்தார்கள்.

பிரச்சினை இதுதான். பிரஷை நனைத்து, சோப்பில் நாலு சுற்று சுற்றி, முகத்தில் போட்டால் நுரை பொங்குகிறது. ஒரு கன்னம் வழித்து முடித்து அடுத்த கன்னத்துக்குப் போவதற்குள் அங்கே நுரையே இல்லை, வெறும் ஈரம். மூன்று நாளும் அதே கதை. மூன்றாம் நாள் தாடையில் வெட்டும் விழுந்தது.

என் தாத்தா தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில், தூணில் மாட்டிய கையகலக் கண்ணாடியைப் பார்த்து, பால் டின்னில் நுரை கலக்கி, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகுமுன் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வழித்துக்கொள்வார். வெட்டு விழுந்து நான் பார்த்ததில்லை. அவருக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை? சோப்பு மட்டமா, நான் மட்டமா?

---

வேகவண்டி (ஷா ஆலாம்)
ஞாயிறு, காலை 8.32

அண்ணே, டின்னில் அடைத்த நுரை இருக்கிறது. அமுக்கினால் வரும், இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. 2020க்கு அப்புறமும் பால் டின்னா?

---

சலூன்காரர் (கோலசிலாங்கூர்)
ஞாயிறு, காலை 10.05

தம்பி தென்னமரத்தான், சோப்பு மட்டமில்லை. நாலு சுற்று என்று எழுதினீர்களே, தப்பு அங்கேதான்.

நான் முப்பத்தொரு வருடம் பார்பர் கடை வைத்திருந்தவன். கடைக்கு வேலைக்கு வரும் பையன்கள் எல்லாரும் செய்கிற முதல் தப்பு இது: சோப்பு கொஞ்சம், தண்ணீர் நிறைய. பிரஷில் பொங்குவதைப் பார்த்து நுரை வந்துவிட்டதாக நினைப்பார்கள். அது நுரையில்லை, காற்று. பாத்திரம் கழுவும்போது வருகிறதே, அதே ஜாதி. பெரிய பெரிய முட்டையாக இருந்தால் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது.

குச்சி சோப்புக்கு வழி வேறு. பிரஷில் சோப்பைத் தேய்க்க வேண்டாம், முகத்திலேயே தேயுங்கள். குளித்துவிட்டு வந்து, முகம் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே, முடி வளர்ந்திருக்கும் திசைக்கு எதிராகக் குச்சியை வைத்துத் தேய்க்க வேண்டும். தாடி முடி துருவல் மாதிரி வேலை செய்யும், சோப்பு பசையாக ஒட்டிக்கொள்ளும். கன்னம், தாடை, கழுத்து, மேலுதடு எல்லா இடமும். கண்ணாடியில் பார்த்தால் முகத்தில் வெள்ளைப் பூச்சு தெரிய வேண்டும்.

அப்புறம் பிரஷ். நனைத்து நன்றாக உதறிவிடுங்கள். கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷோடு தொடங்கி வட்டமாகக் கலக்குங்கள். முதலில் பசை மாதிரி இழுக்கும், பயப்பட வேண்டாம். பிரஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு மறுபடி கலக்குங்கள். மறுபடி தொட்டு மறுபடி. நாலைந்து தடவை போனதும் பளபளப்பு வரும். கெட்டித் தயிர் பதம். முட்டையே கண்ணுக்குத் தெரியக் கூடாது. அந்த நுரை பத்து நிமிடம் நிற்கும், அதற்குமேலும் நிற்கும்.

இன்னொன்று. மின்விசிறிக்குக் கீழே நின்று வழிக்கிறீர்களா?

---

தென்னமரத்தான்
ஞாயிறு, காலை 10.20

ஆமாம் அண்ணே. ஹாலில், விசிறிக்கு நேர் கீழே. குளியலறைக் கண்ணாடியில் வெளிச்சம் பத்தாது.

---

சலூன்காரர்
ஞாயிறு, காலை 10.24

விசிறியை அடைத்துவிட்டு வழியுங்கள் சாமி.

---

ஆலை லேப் (தஞ்சோங் காராங்)
ஞாயிறு, பிற்பகல் 2.40

அண்ணே, நான் செம்பனை ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். சலூன்காரர் அண்ணன் சொன்னது கைப்பழக்கம். சோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை உங்கள் ஊரில்தான் தொடங்குகிறது.

எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. குளிக்கிற சோப்பில் பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு, அதனால்தான் கட்டியாக இருக்கிறது. சவர சோப்பில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அதிகம். அது தண்ணீரில் சீக்கிரம் கரையும், மெத்தென்று இருக்கும். குச்சியாக நிற்க வேண்டும் என்றால் இரண்டையும் கலந்து செய்வார்கள். குளிக்கிற சோப்பை வைத்து வழித்தால் நுரை காய்ந்து போவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது கொழுப்பு அமிலம். தேங்காயெண்ணெயிலும் செம்பனைக் கொட்டை எண்ணெயிலும் லாரிக் அமிலம் ஏறக்குறைய பாதி. அதுதான் குபுகுபு என்று நுரை தரும், ஆனால் அந்த நுரை நிற்காது. ஸ்டியரிக், பால்மிட்டிக் அமிலங்கள் தருவது சின்னச் சின்ன முட்டை, கெட்டி நுரை, நிற்கிற நுரை. சவரத்துக்கு அதுதான் வேண்டும். செம்பனைப் பழத்தின் சதையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் பால்மிட்டிக் கிட்டத்தட்ட 44 விழுக்காடு. ஆனால் ஸ்டியரிக் நாலைந்து விழுக்காடுதான். மாட்டுக் கொழுப்பில் ஸ்டியரிக் அதைவிடப் பல மடங்கு. பழைய சவர சோப்பெல்லாம் கொழுப்பில் செய்ததற்குக் காரணம் அதுதான். இப்போது தாவர எண்ணெயில் செய்கிறவர்கள் ஸ்டியரிக் அமிலத்தைத் தனியாகச் சேர்க்கிறார்கள். அந்த ஸ்டியரிக்கையும் செம்பனையிலிருந்தே எடுக்க முடியும்.

மலேசியாவில் வியாபாரத்துக்காக முதலில் செம்பனை நட்டது 1917இல், உங்கள் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். நம் ஊர் எண்ணெய் எங்கோ போய்ச் சோப்பாகி, கப்பலேறி, கிள்ளான் கடைக்கு வந்து, மறுபடி உங்கள் முகத்துக்கே வந்திருக்கலாம்.

---

திருநீறு (காப்பார்)
ஞாயிறு, பிற்பகல் 3.15

மாட்டுக் கொழுப்பு என்று எழுதிவிட்டுச் சாதாரணமாகப் போகிறீர்களே தம்பி. செவ்வாய், வெள்ளி கோயிலுக்குப் போகிறவன் முகத்தில் அதைப் பூசுவதா? தென்னமரத்தான், உங்கள் சோப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?

---

தென்னமரத்தான்
ஞாயிறு, பிற்பகல் 3.30

உறையைத் தேடிப் பிடித்தேன், குப்பையில்தான் கிடந்தது. எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. சோடியம் பாமேட், பொட்டாசியம் பாமேட், ஸ்டியரிக் அமிலம், சோடியம் பாம் கர்னலேட், கிளிசரின் என்று போகிறது. இது நல்லதா கெட்டதா?

---

ஆலை லேப்
ஞாயிறு, பிற்பகல் 3.41

நல்லது. பாமேட் என்றால் செம்பனை, பாம் கர்னலேட் என்றால் செம்பனைக் கொட்டை, கோகோயேட் என்றால் தேங்காய். டாலோவேட் என்று எழுதியிருந்தால் விலங்குக் கொழுப்பு. மாடா ஆடா என்று உறையில் பெரும்பாலும் போட மாட்டார்கள். ஸ்டியரிக் அமிலம் என்று மட்டும் இருந்தால் அது எதிலிருந்து வந்தது என்று அந்தப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. கவலையாக இருந்தால் முழுக்கத் தாவரம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஹலால் முத்திரை மட்டும் இருந்தால் மாட்டுக் கொழுப்பு இல்லை என்று ஆகாது. ஒரே நிறுவனம்கூட இடையில் கலவையை மாற்றும், அதனால் போன வருடம் படித்தது இந்த வருடத்துக்கு உதவாது.

---

பினாங்கு நானா (பட்டர்வொர்த்)
ஞாயிறு, இரவு 9.05

ஹலால் என்றதும் எட்டிப் பார்த்தேன். சோப்பை விட்டால் பிரஷ் இருக்கிறது. மலிவான பிரஷ் நிறையப் பன்றி முடி. விலை கூடினால் பேட்ஜர் என்கிற விலங்கின் முடி. எங்களுக்கு முதலாவது ஆகாது. அதனால் நான் செயற்கை முடிதான் வைத்திருக்கிறேன், எட்டு வருடமாக ஒன்றே.

முதலில் மனத்தாங்கலோடுதான் வாங்கினேன். இப்போது யாராவது பேட்ஜர் பிரஷ் இனாமாகக் கொடுத்தாலும் மாற்ற மாட்டேன். பன்றி முடியை வழிக்குமுன் ஊற வைக்க வேண்டும், பழகுவதற்கே வாரக்கணக்காகும் என்பார்கள். செயற்கைக்கு அதெல்லாம் இல்லை. நனை, உதறு, தொடங்கு. நம் ஊர் ஈரப்பதத்தில் மற்றவை காயாமல் நாற்றம் பிடிக்கும், இது சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.

---

சுண்ணாம்புமலை (கோப்பேங்)
ஞாயிறு, இரவு 10.50

எல்லாரும் கையைச் சொல்கிறீர்கள், சோப்பைச் சொல்கிறீர்கள், தண்ணீரை விட்டுவிட்டீர்கள். எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர். கிந்தா பக்கம் சுண்ணாம்பு மலை உங்களுக்குத் தெரியும்தானே? கேத்தலில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் எந்தச் சோப்பும் நுரைக்காது, பீங்கானில் அழுக்கு வளையம்தான் மிஞ்சும். கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத கசடாக்கிவிடும்.

நான் மழைத் தண்ணீரை ஒரு தொங்கில் (பீப்பாயில்) பிடித்து வைத்து, சவரத்துக்கு மட்டும் ஒரு குவளை எடுப்பேன். அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் வானத்துக்கும் பூமிக்கும். உங்கள் லயத்துத் தாத்தாவும் மழைத் தண்ணீரில்தான் வழித்திருப்பார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குழாய்த் தண்ணீர் என்றால் இது உங்கள் பிரச்சினை இல்லை. சிலாங்கூரில் ஆற்றுத் தண்ணீர், மென்மையாகத்தான் இருக்கும்.

---

தென்னமரத்தான்
செவ்வாய், காலை 7.15

அறிக்கை.

நேற்று விசிறியை அடைத்துவிட்டு, சலூன்காரர் அண்ணன் சொன்னபடி முகத்தில் நேராகத் தேய்த்தேன். முதல் அதிர்ச்சி: எவ்வளவு சோப்பு ஒட்டுகிறது! நான் இத்தனை நாள் போட்டதில் பத்து பங்கு இருக்கும். கலக்கத் தொடங்கியதும் பிரஷ் நகரவே இல்லை, பசை மாதிரி இழுத்தது. பழையபடி தண்ணீரை அள்ளி ஊற்றக் கை துடித்தது. நுனியை மட்டும் தொட்டேன். மூன்றாவது தடவை தொட்டபோது திடீரென்று வழவழவென்று ஆனது. ஐந்தாவது தடவை அம்மா மத்தால் கடைந்த தயிர்.

இரண்டு கன்னமும் வழித்துவிட்டு, வேண்டுமென்றே மேலுதட்டு நுரையை விட்டு வைத்துக் கடிகாரம் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம் கழித்தும் அப்படியே நின்றது. மனைவி வந்து, "என்ன, சாண்டா கிளாஸ் வேஷமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆனால் கழுத்தில் இன்னும் எரிச்சல். அது ஏன்?

---

சலூன்காரர்
செவ்வாய், காலை 9.40

கழுத்தில் முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தீர்களா? நிறையப் பேருக்குக் கன்னத்தில் கீழ்நோக்கி, கழுத்தில் மேல்நோக்கி அல்லது பக்கவாட்டில். பார்க்காமல் எல்லா இடத்திலும் மேலிருந்து கீழே இழுத்தால் கழுத்தில் எதிர்ச் சவரம் ஆகிவிடும். உங்களுக்குச் சுருட்டை முடி. தோலுக்குக் கீழே போய் அறுபட்டால், வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். கொப்புளத்துக்குக் காரணம் அதுதான். பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைத் தூக்கும், அடுத்தது கீழே வரை அறுக்கும். வழவழப்பு கிடைக்கும், கூடவே கொப்புளமும்.

கழுத்தை முடி போகிற போக்கில் ஒரே தடவை வழித்துவிட்டு விட்டுவிடுங்கள். ஒரு மாதத்துக்கு வழவழப்பு வேண்டாம். ரேசரை அமுக்கவே கூடாது. அதன் கனமே போதும், முப்பது பாகைச் சாய்வு. கார்ட்ரிட்ஜ் பழகின கை அமுக்கும், அதை மறக்கக் கொஞ்ச நாள் ஆகும்.

முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, படிகாரக் கட்டியை நனைத்துத் தடவுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். எங்கே அமுக்கினீர்களோ அங்கே சுருக்கென்று பிடித்துக் காட்டிக்கொடுக்கும். வாத்தியார் மாதிரி.

---

வேகவண்டி
செவ்வாய், காலை 9.58

ஒரு முகத்துக்கு இத்தனை பாடமா. நான் இதற்குள் ஃபெடரல் ஹைவே ஜாமைத் தாண்டியிருப்பேன்.

---

அல்லிமலர் (பந்திங்)
செவ்வாய், இரவு 8.30

ஆண்கள் பேச்சுக்குள் நுழைகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. நான்தான் வழித்துவிடுகிறேன். டின் நுரை போட்டால் அவருக்கு ஜில்லென்று இருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இதைப் படித்துவிட்டுப் பிரஷும் சோப்பும் வாங்கி, வெந்நீரில் நனைத்து ஒரு கிண்ணத்தில் கலக்கிப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். பிரஷை எடுத்ததும் கையைத் தூக்கி இன்னும் போடு என்று சைகை காட்டினார். வழிக்காமலே இரண்டாவது தடவையும் நுரை போட்டேன்.

அந்த ஒற்றை பிளேடு ரேசரையும் அவருக்கு வாங்கலாமா?

---

சலூன்காரர்
செவ்வாய், இரவு 9.02

வேண்டாம்மா. அடுத்தவர் முகத்தில் அந்த ரேசரைப் பிடிப்பது கை தேர்ந்த பிறகு செய்கிற வேலை. அவர் திடீரென்று தலையை அசைத்தால் வெட்டு ஆழமாகப் போகும். பக்கவாதத்துக்கு இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியென்றால் சின்ன வெட்டுகூட லேசில் நிற்காது. மின்சார ரேசர்தான் பத்திரம், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பிரஷை மட்டும் நிறுத்தாதீர்கள். வழிக்காத நாளிலும் சும்மா போட்டுவிட்டுத் துடைத்துவிடுங்கள். கடைக்கு வரும் வயதானவர்கள் பாதிப் பேர் அதற்காகத்தான் வந்தார்கள் என்பது என் கணக்கு.

---

திருநீறு
புதன், காலை 6.50

அம்மா அல்லிமலர், அப்பா நலம்பெற வேண்டிக்கொள்கிறேன்.

தென்னமரத்தான், அந்தப் பாமேட் சோப்பு எந்தக் கடை? இந்தியாவிலிருந்து வரும் வட்ட சோப்பு ஒன்று முன்பு வைத்திருந்தேன், இப்போது கண்ணில் படவில்லை.

---

பினாங்கு நானா
புதன், காலை 11.10

வட்ட சோப்பென்றால் கோத்ரேஜாக இருக்கும். துருக்கியின் ஆர்கோ குச்சி, இத்தாலியின் புரொராசோ டப்பா, எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. புரொராசோ பச்சையில் யூகலிப்டசும் மெந்தாலும், நம் வெயிலுக்கு ஜில்லென்று இருக்கும், விலை மட்டும் கொஞ்சம் ஏறும். நானும் ஒரு காலத்தில் ஏழெட்டு டப்பா சேர்த்து வைத்தேன். வாசனைதான் மாறுகிறது, முகத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. இப்போது ஒரு குச்சி. தீர்ந்தால் அடுத்த குச்சி.

---

தென்னமரத்தான்
அடுத்த மாதம், சனி, காலை 9.00

திருநீறு ஐயா, கடையைத் தனிமடலில் அனுப்பிவிட்டேன்.

மற்றவர்களுக்கு: ஒரு மாதம் ஆகிறது. கழுத்துக் கொப்புளம் முக்கால்வாசி அடங்கிவிட்டது. வலப்பக்கம் முடி பக்கவாட்டில் வளர்கிறது, நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்துகொண்டேன். படிகாரம் முதல் வாரம் கத்த வைத்தது, இப்போது தாடை முனையில் மட்டும்தான் சுருக்கென்கிறது. குச்சி சுண்டுவிரல் அளவுகூடத் தேயவில்லை. வேகவண்டித் தம்பிக்கு மட்டும் ஒரு ஒப்புதல்: நேரம் ஆகிறதுதான். பதினைந்து நிமிடம். ஆறரை ஷிஃப்ட் நாளில் எனக்கும் டின் நுரைதான்.

ஒரு தொல்லை உண்டு. குளியலறையில் வைத்த குச்சியின் அடிப்பாகம் கொழகொழவென்று ஆகிவிட்டது. இப்போது வழித்து முடித்ததும் துடைத்து, ஜன்னல் ஓரத்தில் நிமிர்த்தி வைக்கிறேன். காய்கிறது.

பழைய பிளேடை எங்கே போடுவது என்று யோசித்தேன். குப்பைப் பையில் போட்டால் அள்ளுகிறவர் கை போகும். தாத்தா ஞாபகத்தில் ஒரு பால் டின்னை எடுத்து, மேலே கத்தியால் ஒரு கீறல் போட்டு, உண்டியல் மாதிரி வைத்திருக்கிறேன். மெல்லிய பிளேடு, டின் நிறையப் பல வருடம் ஆகும்.

---

அல்லிமலர்
சனி, காலை 9.25

டின்னை உள்ளே நன்றாகக் கழுவினீர்களா அண்ணே? நானும் அதேதான் செய்தேன். பால் ஒட்டியிருந்தது தெரியாமல் அலமாரியில் வைத்துவிட்டேன், மறுநாள் காலையில் பிரஷ் வரைக்கும் எறும்பு.

---

தென்னமரத்தான்
சனி, காலை 9.31

இதோ போகிறேன்.